பாப்புலிசத்தை நம்பி அடித்தட்டில் அமைப்பு கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சங்கம், குடியிருப்போர் சங்கம், சமூகநீதி அமைப்பு, இடதுசாரிக் கிளை என்று ஏதோ ஒன்றில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 'மக்கள் எதிர் மேட்டுக்குடி' என்று பேசினால் கூட்டம் சேர்கிறது. அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

பாப்புலிசம் என்றால் இலவச மிக்சி, கிரைண்டர்தானே?

நம் நாளிதழ்கள் பழக்கிவிட்ட பொருள் அது. 'கவர்ச்சித் திட்டம்', 'ஜனரஞ்சக அறிவிப்பு' என்று எழுதி எழுதி, பாப்புலிசம் என்றாலே கஜானாவைக் காலி செய்வது என்று ஆகிவிட்டது. இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

சமூகத்தை இரண்டாகப் பிரித்துப் பேசும் ஓர் அரசியல் முறைதான் பாப்புலிசம். இந்தப் பக்கம், உழைத்தும் ஏமாற்றப்படுகிற மக்கள். அந்தப் பக்கம், பணத்தையும் சட்டத்தையும் கையில் வைத்திருக்கும் சிலர். இதற்குச் சொந்தமாகப் பொருளாதாரக் கொள்கை எதுவும் கிடையாது. வெனிசுவேலாவின் சாவேசும் இதைப் பேசினார், அமெரிக்காவின் டிரம்ப்பும் பேசுகிறார். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். வலதுசாரிப் பாப்புலிசம் மேலே ஒரு விரலை நீட்டும்போதே பக்கத்திலும் ஒன்றை நீட்டும்: வந்தேறி, சிறுபான்மையினர், 'சலுகை வாங்குகிறவர்கள்'. முற்போக்குப் பாப்புலிசம் மேலே மட்டும்தான் நீட்ட வேண்டும். சொல்வது எளிது. அந்த இரண்டாவது விரல் தானாக முளைத்த கதைகள் ஏராளம், கீழே ஒன்று வரும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வழிகாட்டுமா காட்டாதா?

பாதி தூரம். தண்ணீர் வராத தெருவும், கூலி பாக்கி இருக்கிற தொழிலாளியும், கடனில் மூழ்கிய விவசாயியும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே புரிய வைக்க இதைவிடக் கூர்மையான கருவி இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறையின் சாவி யாரிடம், ரசீது புத்தகத்தை யார் தணிக்கை செய்வது, போன கூட்டத்துக்கு வந்து இந்தக் கூட்டத்துக்கு வராத அந்த அம்மாவை யார் போய்ப் பார்ப்பது என்பதையெல்லாம் அது சொல்லித்தராது. அமைப்பு நிற்பதும் விழுவதும் அந்த இடத்தில்தான்.

இந்தச் சொல்லே எங்கிருந்து வந்தது?

அமெரிக்கப் பருத்திக்காட்டிலிருந்தும் கோதுமை வயலிலிருந்தும். 1890-களின் தொடக்கத்தில் அங்கே உருவான மக்கள் கட்சியின் ஆட்களுக்குத்தான் 'பாப்புலிஸ்ட்' என்று பெயர் வந்தது. ஆனால் கட்சிக்குப் பதினைந்து ஆண்டு முன்பே, 1877-இல், டெக்சாஸின் லாம்பசாஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) விவசாயிகள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதுதான் வளர்ந்து விவசாயிகள் கூட்டணி ஆனது.

அவர்கள் கழுத்தை இறுக்கியது 'விளைச்சல் அடமானம்'. ஒரு பருத்தி விவசாயி பிப்ரவரியில் மளிகை வியாபாரியிடம் போவான். கையில் காசு இருக்காது. இன்னும் விதைக்காத பயிரை எழுதிக் கொடுத்துவிட்டு விதை, மாவு, பன்றி இறைச்சி, கலப்பை முனை எல்லாம் கடனாக வாங்குவான். கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை: ரொக்க விலை, கடன் விலை. கடன் விலை கால் பங்கு கூடுதல், பல இடங்களில் அதற்கும் மேல். அதற்கு மேலேதான் வட்டி. பயிர் ஒருவனிடம் அடமானத்தில் இருப்பதால் வேறு கடைக்காரன் கடன் தர மாட்டான். அறுவடைக்குப் பிறகு கணக்குப் பார்த்தால் பருத்தி விலை இறங்கியிருக்கும், பாக்கி அடுத்த ஆண்டுக்கு ஏறும். 1894-இல் ஒரு பவுண்டு பருத்தி 5 சென்ட்டுக்கும் கீழே போனது. நம் ஊர் கமிஷன் மண்டி, உரக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவர்கள் பேச்சால் ஆள் சேர்த்தார்களா, வேலையால் சேர்த்தார்களா?

முதலில் வேலையால். இதைத்தான் இன்றைக்குப் பாப்புலிசம் பேசும் பலர் தவறவிடுகிறார்கள்.

கூட்டாக விற்றால், கூட்டாக வாங்கினால் வியாபாரியைத் தாண்டலாம் என்பதுதான் சங்கம் கொடுத்த முதல் வாக்கு. 1887-இல் சார்லஸ் மக்கூன் என்பவர் தலைமையில் டல்லாஸில் ஒரு கூட்டுறவு விற்பனையகம் திறந்தார்கள். பருத்தி மாதிரிகளை ஓரிடத்தில் வைத்து ஆலைகளுக்கு நேராக விற்பது, உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டுக் கடன் பத்திரத்தைக் காட்டி வங்கியில் பணம் வாங்கி, வேண்டிய சரக்கை மொத்தமாக எடுப்பது என்று திட்டம். வங்கிகள் பத்திரத்தை ஏற்க மறுத்தன. 1888 ஜூன் 9-ஆம் தேதி டெக்சாஸ் முழுக்க விவசாயிகள் நீதிமன்ற வளாகங்களில் கூடி விற்பனையகத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டினார்கள். போதவில்லை. 1889-இல் அது மூடப்பட்டது.

தோல்விதான். ஆனால் வங்கிதான் பிரச்சினை என்பதை எந்தப் பேச்சாளரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவனும் தானே கண்டுகொண்டான். அடுத்த கோரிக்கை அதிலிருந்துதான் பிறந்தது. அரசே கிடங்கு கட்டட்டும், விவசாயி விளைச்சலை அங்கே வைக்கட்டும், சந்தை மதிப்பில் 80 சதவீதத்தை ஆண்டுக்கு 1 சதவீத வட்டியில் அரசு முன்பணமாகத் தரட்டும், விலை ஏறும்போது விற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸில் முன்வைத்த திட்டம் இது.

இடையில் ஓடிய நரம்பு 'விரிவுரையாளர்' முறை. ஒவ்வொரு ஊர்க் கிளையும் தனக்கென ஒரு விரிவுரையாளரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு மேல் கவுண்டிக்கு ஒருவர், மாநிலத்துக்கு ஒருவர். வட்டி, ரயில் கட்டணம், பணப்புழக்கம் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசி, கேள்வி வாங்கி, பதில் தெரியாததை மேலே அனுப்புவது அவர் வேலை. கூடவே நூற்றுக்கணக்கான சின்னப் பத்திரிகைகள். கேட்பவன் வாக்காளனாக மட்டும் இருக்கவில்லை, கணக்குத் தெரிந்தவனாகவும் ஆனான். 1890 தேர்தலில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கன்சாஸ் மாநிலத்துக்கு இருந்த 7 இடங்களில் 5-ஐ இந்தப் படை பிடித்தது.

அப்புறம் ஏன் உடைந்தது?

1892 ஜூலை 4-ஆம் தேதி ஒமாஹாவில் மக்கள் கட்சி தன் திட்டத்தை அறிவித்தது. ஏறுமுக வருமான வரி, ரயில்வேயும் தந்தியும் அரசுடைமை, அஞ்சலகச் சேமிப்பு வங்கி, தாராள வெள்ளி நாணயம் (வெள்ளியையும் தடையின்றி நாணயமாக்கிப் பணப்புழக்கத்தைக் கூட்டுவது) எல்லாம் அதில் இருந்தன. அந்த ஆண்டு அவர்களின் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாக்கும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் சபையில் 22 வாக்கும் பெற்றார்.

நான்கே ஆண்டில் நீண்ட திட்டம் சுருங்கி 'வெள்ளி' என்ற ஒற்றைச் சொல் ஆகிவிட்டது. சுலபமாகப் புரிகிறது, கூட்டம் கைதட்டுகிறது, வெள்ளிச் சுரங்க முதலாளிகளும் ஆதரவாகப் பணம் தருகிறார்கள். வேறென்ன வேண்டும் என்று நினைத்தார்கள். 1896-இல் ஜனநாயகக் கட்சி அதே வெள்ளியைத் தூக்கிக்கொண்டு வில்லியம் பிரையனை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. மக்கள் கட்சியும் அவரையே ஏற்றது. பிரையன் தோற்றார், தேர்தல் சபையில் 176-க்கு 271. தனிக் கட்சியாக நிற்க அதற்குப் பிறகு காரணமே இல்லாமல் போயிற்று. கிடங்குத் திட்டத்தை எந்தப் பெரிய கட்சியாலும் அப்படித் திருடியிருக்க முடியாது, ஏனென்றால் அது வங்கிகளை நேராகத் தொட்டது. கோஷத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

'மக்கள்' என்று சொன்னால் எல்லோரும் அடக்கம்தானே?

இல்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வெள்ளை விவசாயிகளின் கூட்டணியில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அவர்களுக்குத் தனியாகக் கறுப்பின விவசாயிகள் கூட்டணி 1886-இல் டெக்சாஸில் தொடங்கப்பட்டது. இருவருக்கும் எதிரி ஒருவனே என்று மேடையில் பேசப்பட்டது. 1891-இல் கறுப்பினப் பருத்தி எடுப்பாளர்கள் 100 பவுண்டுக்கு 1 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் அறிவித்தபோதுதான் சாயம் வெளுத்தது. கூலி கொடுக்க வேண்டியவர்களில் வெள்ளைக் கூட்டணி உறுப்பினர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டணியின் தலைவர் போல்க் வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். ஆர்கன்சாவின் லீ கவுண்டியில் வேலைநிறுத்தக்காரர்கள் வேட்டையாடிக் கொல்லப்பட்டார்கள். 1892-இல் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கொள்ளையில் சிக்கியவர்கள் என்று பேசிய மக்கள் கட்சித் தலைவர் டாம் வாட்சன், அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்குள் கறுப்பர் வாக்குரிமையைப் பறிக்கச் சொல்பவராக, யூத வெறுப்பைக் கக்கும் பத்திரிகைக்காரராக மாறியிருந்தார். மேலே சொன்ன இரண்டாவது விரல் இதுதான்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 'விவசாயி' என்ற சொல்லுக்குள் மிராசுதாரும் இருக்கிறார், கூலியும் இருக்கிறார். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியில். அப்போது தமிழ்நாட்டில் நடந்தது சாமானியரின் பெயரால் வென்ற ஆட்சி.

ஆகவே செய்ய வேண்டியது: கோரிக்கைப் பட்டியல் தயாரானதும் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது நிறைவேறினால் நம் கூட்டத்திலேயே யாருக்குச் செலவு?' என்று எழுதுங்கள். வாடகைக் கட்டுப்பாடு கேட்டால், ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் உறுப்பினர் இருப்பார். தூய்மைப் பணியாளருக்குக் கூலி உயர்வு கேட்டால், சங்கச் சந்தாவை ஏற்ற வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை முதல் மாதமே பேசிவிடுங்கள். ஊர்வலத்துக்கு முந்தின நாள் அது வெடித்தால் கூட்டம் இரண்டாகும், அப்போது பலம் குறைந்தவர்தான் வெளியே போவார். தலித், பெண், கூலி உறுப்பினர்கள் கையில் கணக்கும் மைக்கும் இருக்கிறதா, நாற்காலி போடும் வேலை மட்டும்தானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்பெயினின் பொதேமோஸ் நவீன உதாரணம் என்கிறார்களே?

உதாரணம்தான், இரண்டு விதத்திலும். 2011 மே 15-இல் சதுக்கங்களில் கூடிய கூட்டத்தின் கோபத்தைப் பிடித்து, 2014 ஜனவரியில் தொடங்கிய கட்சி அது. அதன் தலைவர்கள் அர்ஜென்டினரான எர்னஸ்டோ லக்லாவின் சிந்தனையை மேசையில் வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். தனித்தனிக் கோரிக்கைகளைச் சங்கிலியாகக் கோத்து, எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு பெயரின் கீழ் 'மக்களை' உருவாக்குவது என்பது அவர் விளக்கிய முறை. இடது, வலது என்ற பேச்சை விட்டுவிட்டு 'மேல்சாதி' என்று நாம் சொல்வது போன்ற தொனியில் 'அரசியல் சாதி' என்று எதிரிக்குப் பெயர் வைத்தார்கள். நான்கே மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 5 இடம். 2015 டிசம்பரில் 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு.

ஊர் ஊராகத் தோன்றிய 'வட்டங்கள்'தான் அதன் அடித்தளமாக இருந்திருக்க வேண்டும். 2014 இலையுதிர்கால மாநாட்டில் தேர்ந்தெடுத்த அமைப்பு முறையோ அதிகாரத்தை ஒற்றைப் பொதுச்செயலாளரிடமும் இணையவழி வாக்கெடுப்பிடமும் கொடுத்தது. வாராவாரம் வட்டத்துக்கு வருபவருக்கும் வீட்டிலிருந்து ஒரு முறை பதிவு செய்தவருக்கும் ஒரே எடை. பிறகு ஏன் வர வேண்டும்? வட்டங்கள் வற்றின. தேர்தல் இயந்திரமாகக் கட்டியதால், வாக்கு இறங்கியபோது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது: 2009-இல் பார்சலோனாவில் தொடங்கிய வீட்டுக்கடன் பாதிக்கப்பட்டோர் மேடை. ஸ்பெயினில் வங்கி வீட்டை எடுத்துக்கொண்ட பிறகும் மீதிக் கடன் அதை வாங்கியவர் தலையிலேயே இருக்கும். இந்த மேடையின் கூட்டத்தில் வக்கீல் தனியறையில் ஆலோசனை தர மாட்டார். புதிதாக வந்தவர் எல்லார் முன்னாலும் தன் நிலைமையைச் சொல்வார். போன மாதம் அதே வங்கியோடு மல்லுக்கட்டியவர் பதில் சொல்வார். வங்கிக்குத் தனியாக யாரும் போவதில்லை, துணைக்கு ஆள் போகும். வெளியேற்றும் நாளில் வாசலில் உட்காருவார்கள். அடுத்த மாதம் இன்று உதவி பெற்றவர் இன்னொருவர் வாசலில் உட்காருவார். சட்டத்தை மாற்றக் கோரி 14 லட்சம் கையெழுத்துத் திரட்டினார்கள், நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகத் தேவைப்பட்டது 5 லட்சம். நாடாளுமன்றம் நீர்த்துப்போன சட்டத்தைத்தான் தந்தது. ஆனாலும் கூட்டம் கலையவில்லை, ஏனென்றால் அடுத்த வாரமும் யாரோ ஒருவரின் வீடு பறிபோக இருந்தது.

இந்தியாவில் இப்படி நடந்த வேலை?

ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் (தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு), 1990. வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதில் ஆரம்பித்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்பது அதன் முழக்கம், அசல் பாப்புலிசம்தான். ஆனால் முழக்கத்தோடு நிற்கவில்லை. வருகைப் பதிவேட்டின் நகலை, பில்லை, வவுச்சரை வாங்கி, கிராமத்தில் பந்தல் போட்டு, பெயர் பெயராக உரக்கப் படித்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை. வேலை செய்யாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று கேட்டவர்களே எழுந்து சொன்னார்கள். 1996-இல் இந்தக் கணக்கு நகல்களைப் பெறும் உரிமை கேட்டு பியாவரில் 40 நாள் தர்ணா. 2005-இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததில் இந்தப் பந்தல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திராவிட இயக்கம் இந்தக் கணக்கில் வருமா?

வரும். 1949-இல் தொடங்கிய திமுக, 1957-இல் 15 இடம், 1962-இல் 50, 1967-இல் ஆட்சி. மேடைப் பேச்சுதான் கண்ணுக்குத் தெரிகிறது. படிப்பகமும் மன்றமும் சலூனில் தொங்கிய பத்திரிகையும்தான் அதைத் தாங்கின. ரூபாய்க்கு அரிசி 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற வாக்குறுதியில் ஒரு படி சென்னை, கோவையில் நடைமுறைக்கு வந்தது. ஆட்சிக்கு வந்த பிறகு படிப்பகங்கள் என்ன ஆயின என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் பகுதியில் எப்படித் தொடங்குவது?

150 முதல் 200 வீடு கொண்ட ஒரு பகுதியை எடுங்கள். இருவராகப் போனால் ஒரு மாலையில் 8, 10 வீடுதான் உருப்படியாக முடியும். ஆக, நான்கு பேர் இருந்தால் சுமார் பத்து மாலை. நோட்டீஸ் கொண்டுபோகாதீர்கள், நோட்டைக் கொண்டுபோங்கள். 'போன மாதம் எதற்கு அதிகம் அலைந்தீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அதில் அதிகம் பேர் சொன்னதில், தீர்ப்பவர் யார் என்று ஒரு மேசையைச் சுட்டிக்காட்ட முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'ஊழல் ஒழிக' என்பதற்கு மேசை கிடையாது. 'நான்காவது தெருக் குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர்' என்பதற்கு உதவிப் பொறியாளர் மேசை உண்டு. தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். பணி ஆணை நகல், அளவுப் புத்தக (முடித்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) நகல், பட்டியல் தொகை என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஊராட்சியாக இருந்தால் கிராமசபை நாட்களான ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றைக் கணக்கில் வைத்து, பதில் அதற்கு முன் கைக்கு வரும்படி மனுப் போடுங்கள். தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது.

சந்தா மாதம் 10 ரூபாயாக இருந்தாலும் வாங்குங்கள், ரசீது கொடுங்கள். ஒரு புரவலர் எல்லாச் செலவையும் பார்த்துக்கொண்டால் சங்கம் அவருடையது.

எதிரிக்குப் பெயர் வைக்கலாமா?

வைக்க வேண்டும், ஆனால் அவர் எடுக்கும் முடிவோடு சேர்த்து. 'வங்கி, மீதிக் கடனைத் தள்ள மறுக்கிறது' என்பது பெயர். 'பணக்காரர்கள்' என்பது வெறும் வசை. ஒரு சாதியையோ மதத்தையோ ஊரையோ குறிக்கும் சொல் துண்டறிக்கையில் நுழைந்தால் அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள். 'சும்மா வேகத்துக்காக' என்று சொல்லித்தான் அது எப்போதும் நுழைகிறது.

தலைவர் இல்லாமல் முடியுமா?

முடியாது, ஒருவரோடு நின்றாலும் முடியாது. மூன்று கூட்டத்துக்கு ஒருமுறை தலைமை வகிப்பவரை மாற்றுங்கள். பத்திரிகையாளரிடம் பேச எப்போதும் இருவர், அதில் ஒருவர் பாதிக்கப்பட்டவர். வங்கிக் கணக்கில் மூவர் பெயர், எடுக்க எவரேனும் இருவர் கையெழுத்து.

தேர்தலில் நிற்கலாமா?

நிற்கலாம், சங்கத்தைப் பூட்டிவிட்டு அல்ல. 2012-இல் ஊழல் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து எழுந்த ஆம் ஆத்மி, 2015-இல் டெல்லியில் 70-க்கு 67 வென்றது. இரண்டு மாதத்தில் உள்கட்சி ஜனநாயகம் பற்றிக் கேட்ட, கட்சியைத் தொடங்கியவர்களில் சிலர் வெளியேற்றப்பட்டார்கள். 2025-இல் 22-க்கு இறங்கியது. நிற்பதென்றால், வேட்பாளராகிறவர் சங்கப் பொறுப்பை விடுவது, வென்றால் மாதம் ஒருமுறை சங்கக் கூட்டத்தில் வந்து பதில் சொல்வது ஆகிய இரண்டையும் மனுத்தாக்கலுக்கு முன் தீர்மானமாக்கி, மினிட்ஸில் கையெழுத்து வாங்குங்கள். வென்ற பிறகு கேட்டால் யாரும் போட மாட்டார்கள்.

முதலில் 80 பேர் வந்தார்கள், இப்போது 15 பேர்தான். என்ன செய்வது?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அது தோல்வி இல்லை. இன்னொன்று, கூட்டத்தில் அவர்களுக்கு வேலை இல்லை, பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய வருகை நோட்டை எடுத்து, இரண்டு முறையாவது வந்து நின்றுபோனவர்களைக் குறியுங்கள். 15 பேரும் ஆளுக்கு மூன்று பெயர் எடுத்து, போன் பண்ணாமல் நேரில் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அடுத்த கூட்டத்தில் செய்ய ஒரு வேலையைக் கொடுங்கள்: ரசீது எழுதுவது, பொறியாளர் அலுவலகத்துக்கு மூன்றாவது ஆளாகப் போவது, பதில் கடிதத்தை உரக்கப் படிப்பது. கூட்டத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஏழரை மணிக்கு வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள் எட்டரை வரை நீளும் கூட்டத்துக்கு இரண்டாம் முறை வர மாட்டார்கள்.